மாவு வாங்க வந்த சபை

ஏழாவது ஸ்தோத்திரத்துக்கும் எட்டாவது ஸ்தோத்திரத்துக்கும் நடுவில்தான் சகேயுவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. செருப்பையெல்லாம் எடுத்து உள்ளே வைத்தோமா? கண் மூடித்தான் இருந்தது, கைகள் மேலே தூக்கித்தான் இருந்தன, உதடு தன்பாட்டுக்குச் சத்தமில்லாமல் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அசைந்துகொண்டிருந்தது. மனசு மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டது. போன மாதம் ஜெபவீட்டை அடித்து நொறுக்கிய பிறகு சபை கூடுவது மரகதம் சிஸ்டரின் முன்னறையில். மரகதம் இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். அதனால் பாஸ்டர் ஞானசிகாமணி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஆளுக்கு ஐந்து நிமிஷ இடைவெளியில், ஆளுக்கொரு தூக்குப்போசியோடு, மாவு வாங்க வருகிறவர்கள் போல வரவேண்டும். போசிக்குள் வேதபுத்தகம் இருக்கும். யாராவது தெரியாமல் இருமினாலும் தும்மினாலும் வெளியே கேட்காமலிருக்க ஜெபம் முடியும்வரை கிரைண்டர் ஓடும். ஜன்னலுக்குப் பழைய போர்வை. இவ்வளவும் யோசித்தவர்கள் செருப்பு விஷயத்தில்தான் சறுக்கினார்கள். போட்டுக்கொண்டே உள்ளே வாருங்கள் என்று பாஸ்டர் முதல் வாரமே சொல்லிப் பார்த்தார், ஒருத்தர் வரவேண்டுமே! உயிருக்குப் பயந்து பதுங்கிப் பதுங்கி வந்தவர்களுக்குக்கூட, வாசற்படியைக் கண்டதும் கால் தானாகச் செருப்பை உதறிவிட்டது. கையில் தூக்கிக்கொண்டு வரலாம் என்றால், வேதம் இருக்கிற போசி ஒரு கையில், செருப்பு இன்னொரு கையிலா, அதெப்படி என்று செல்வமணி சிஸ்டர் கேட்டுவிட்டாள். கடைசியில், எல்லாரும் வந்த பிறகு பதினோரு சோடியையும் அள்ளி ஓர் உரச்சாக்கில் போட்டுக் கதவுக்குப் பின்னால் வைக்கும் வேலை சகேயுவின் தலையில் விழுந்தது. வாசல் ஊழியம் என்று அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள்.

இன்றைக்குச் சாக்கில் போட்டோமா? போட்டோம். சாக்கின் வாயைச் சணல் கயிற்றால் கட்டினது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டும்போது நகக்கண்ணில் சணல் குத்தியது. ஆனால் குத்தினது இன்றைக்கா, போன வாரமா? சகேயு தூக்கின கையை மெல்ல மூக்குக்கு நேரே இறக்கி, ஒற்றைக் கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தார். காயம் ஆறிப்போயிருந்தது. ஆக, போன வாரம். சரி, இன்றைக்குக் கடைசியாக வந்தது யார்? செல்வமணி. அவள் வந்தாள், ஸ்தோத்திரம் பிரதர் என்று வாயசைத்தாள், கொலுசை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு குந்தியபடியே உள்ளே போனாள். பிறகு சாக்கை எடுக்கத் திரும்பினேன். திரும்பினேனா? திரும்பினபோதுதானே பாஸ்டர் தோளில் கை வைத்தார். கட்டுப் போட்ட கை கழுத்திலிருந்து தூளியில் தொங்க, நல்ல கையை வைத்தார். வைத்து, “பிரதர், இன்னைக்கு நீங்க சாட்சி சொல்லுங்க. அன்னைக்கு நடந்தத, நடந்தபடியே சொல்லுங்க” என்று காதோடு சொன்னார். அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று சகேயுவுக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. கதவைச் சாத்தியிருக்கிறோம், தாழ் போட்டிருக்கிறோம், வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறோம். சாக்கு? அது கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. இங்கிருந்தே தெரிகிறது. தட்டையாக, நாலாக மடித்தபடி, சாதுவாக இருக்கிறது.

ஆண்டவரே! இதுதான் அன்று காலை சகேயு மனசாரச் செய்த முதல் ஜெபம். அதற்கு முன் செய்ததெல்லாம் வாயசைப்புத்தான், அதை அவரே ஒத்துக்கொள்வார். இந்தச் சத்தமில்லாத ஜெபம் அவருக்கு ஒத்துவரவில்லை. பிறந்தபோது நாச்சிமுத்து, ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்த பிறகு ஞானஸ்நானத்தில் சகேயு. ஆளைக் கண்ணால் பார்க்காமலேயே வேதத்தைத் திறந்து விரல் வைத்துப் பேர் எடுத்தால் அப்படித்தான் ஆகும். வேதத்தில் ஒரு குள்ளனுக்கு இருக்கிற பேரை வாங்கிக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டிருக்கிறார். பிழைப்பு பஸ் ஸ்டாண்டில். பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவது. பழனி பழனி பழனி என்று அவர் ஒரு தரம் இழுத்தால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவன், சும்மா தாராபுரம் போக வந்தவன்கூட, ஒரு நிமிஷம் பழனிக்கே போய்விடலாமா என்று யோசிப்பான். ஆறு நாள் அந்தக் குரல் முருகனுக்கு ஆள் ஏற்றும், ஏழாவது நாள் இயேசுவைக் கூப்பிடும். ஜெபவீட்டில் அவர் அல்லேலூயா போட்டால் தகரக்கூரை அதிரும். அந்த அதிர்வு திரும்பி வந்து நெஞ்சில் இறங்கும்போது உடம்பு சிலிர்க்கும். அதைத்தான் இத்தனை வருஷமும் ஆண்டவர் என்று அவர் நினைத்திருந்தார். இப்போது நாலு வாரமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் உள்ளே ஒருவரையும் காணோம். கண்ணை மூடினால் மத்தி மீன் வருகிறது. இந்த வாரமாவது மாவு புளிக்காமல் இருக்குமா என்று வருகிறது. வீட்டில் சரசு சபைக்கு வருகிறவள் இல்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் போசியைக் கழுவிக் கையில் கொடுத்துவிடுகிறாள். “உங்க சாமியால எனக்கு மாவாட்டற வேல மிச்சமாச்சு, போயிட்டு வாங்க” என்கிறாள். இந்த உபத்திரவ காலத்தில் கர்த்தருடைய நன்மையை வாய்விட்டுச் சாட்சி சொன்ன ஒரே ஆத்துமா அவள்தான்.

செருப்பு. செருப்பை யோசி. சகேயு கண்ணை மூடி வாசலைப் பார்த்தார். பாஸ்டருடையது வார் அறுந்து கம்பியால் முறுக்கினது. செல்வமணியுடையது பூப்போட்டது. மற்றவர்களுடையது எல்லாம் சந்தையில் ஒரே சாக்குப்படுதாவில் வாங்கின ரப்பர் செருப்பு, அவற்றைப் பார்த்து யாரென்று சொல்ல முடியாது. சகேயுவுடையதைச் சொல்லலாம். ஊரே சொல்லும். அந்தக் காலுக்குக் கடையில் அளவு கிடையாது. லாரி டயரை அறுத்துத் தைத்தது, ஒவ்வொன்றும் ஒரு சின்னப் படகு. மரகதம் வீட்டு வாசலில் நாச்சிமுத்து செருப்பு, அதைச் சுற்றிப் பத்துச் சோடி! மாவு வாங்க வந்தவன் முக்கால் மணி நேரமா வாங்குவான்? குமரேசன் அந்த வழியாகத்தான் சிமெண்டுக் கடைக்குப் போவான். ஜெபவீட்டுக்குள் முதலில் நுழைந்தவன் அவன்தான், உருட்டுக்கட்டையோடு. கொடுமை என்னவென்றால், அவன் அந்நியனில்லை. அவனுடைய அம்மாவைத் தைப்பூசத்துக்குப் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்ததே சகேயுதான். நல்லா இருப்பே கண்ணு என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுத்தான் போனாள். மகன் காதில் அது விழவில்லை போலிருக்கிறது.

எழுந்து போய் எடுத்து வந்துவிட்டால் என்ன? நடுவில் பத்துப் பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தாண்டித்தான் போகவேண்டும். தாழ் கிறீச்சிடும். கதவைத் திறக்கிற நேரம் பார்த்து எவனாவது நின்றால்? வேண்டாம். மரகதம் கிரைண்டர் பக்கத்தில், வாசலுக்குக் கிட்ட உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் சொல்லலாம். வாய் திறக்கக் கூடாதே. சகேயு தொண்டையைக் கனைக்காமல் கனைத்தார். மரகதம் பார்த்தாள். கண்ணால் வாசலைக் காட்டினார். அவள் கிரைண்டரைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தன் பாதத்தைத் தொட்டுக் காட்டி, பிறகு கையால் வாரிப் போடுவது போல் சைகை செய்தார். மரகதம் பயபக்தியோடு தலையசைத்து ஒரு சொம்புத் தண்ணீரை வாரி மாவில் ஊற்றினாள். ஐயோ என்று அவர் நெற்றியில் அடித்துக்கொள்ள, போதாது போலிருக்கிறது என்று இன்னொரு சொம்பு ஊற்றினாள். மாவு மோராகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பார்த்தால் அத்தனை பேரும் மீன்தொட்டி மீன்களைப் போல வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். கை தட்டுகிறவர்கள் இரண்டு உள்ளங்கையும் தொட ஓர் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, மறுபடி விரித்து, மறுபடி நிறுத்தினார்கள். ஆவி வந்தால் அந்நிய பாஷை பேசுகிற செல்வமணிக்கு இப்போதும் ஆவி வந்து தோள் குலுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை, புடவைத் தலைப்பை வாயில் அடைத்திருந்தாள். சகேயுவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகை வந்தது. எதற்கு வந்தது என்று பார்த்தால், மறுபடி பாஸ்டர் சொன்னதுதான். நடந்ததை நடந்தபடி.

நடந்தது என்ன? உருட்டுக்கட்டை உள்ளே வந்தது. பாஸ்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் போனார். அவர் முன்னால் போன அதே நொடியில் சகேயு பின்னால் போனார். பின்வாசல், கழிப்பறைச் சந்து, மதில். ஆறடி உயரம் அன்றைக்குத்தான் உதவியது. மதிலுக்கு அந்தப் பக்கம் குதித்தவருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, கால் தனக்குத் தெரிந்த இடத்துக்கு ஓடியது. பஸ் ஸ்டாண்டு. போய் நின்றதும், நான் இங்கேதான் காலையிலிருந்து இருக்கிறேன், வேறெங்கும் இல்லை என்று உலகத்துக்கு நிரூபிக்கவேண்டும் போல் ஒரு வெறி. வாயைத் திறந்தார். பழனி! பழனி பழனி பழனி! ஏறுங்க ஏறுங்க! அன்றைக்கு அவருக்கு முறையில்லை, முறைக்காரன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பஸ்ஸே வரவில்லை. அப்போதும் கூப்பிட்டார். காலில் செருப்பில்லை, மத்தியானத் தார் சுட்டது, ஒற்றைக் காலை மாற்றி ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளிக் கூப்பிட்டார். காவி வேட்டி கட்டின ஒரு கூட்டம் இது யாரோ பெரிய பக்தர் என்று நினைத்து அரோகரா என்றது. நிறுத்தினால் ஜெபவீட்டுச் சத்தம் காதில் விழுந்துவிடும் என்று நிறுத்தாமல் கூப்பிட்டார். அரை மணி நேரம். சந்தில் நின்ற பைக்குகளால் லாரி போக முடியாமல் அந்த டிரைவர் போய்ச் சொல்லித்தான் போலீஸ் ஜீப் வந்தது. ஜீப்பைக் கண்டு தைரியம் வந்து சகேயுவும் அதன் பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்தார். நெற்றியில் ரத்தத்தோடு நின்ற செல்வமணி, “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! சகேயு பிரதர் செருப்புக்கூடப் போடாம ஓடிப்போயிப் போலீசக் கூட்டியாந்துட்டாரு!” என்று கத்தினாள். சகேயு ஆமாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார், அவ்வளவுதான். நம் ஊரில் தலையைக் குனிந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும், தாழ்மை. அன்றிலிருந்து பந்தியில் முதல் இலை அவருக்குத்தான்.

இதைச் சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில், பத்துப் பேர் முன்னால், குசுகுசுப்பில். அந்தக் குரலை வைத்துக்கொண்டு குசுகுசுக்கவே வராது, அது வேறு. போலீசைக் கூட்டி வந்தேன் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் அதைச் சாட்சி என்று எழுந்து நின்று சொன்னால் அந்தப் பாவத்துக்கு எந்தக் கடலில் முழுக்குப் போடுவது? அப்படிச் சொல்லாமல் உண்மையைச் சொன்னால் இந்த முகங்களை அடுத்த ஞாயிறு எப்படிப் பார்ப்பது? இந்தச் சபையை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? பிரதர் என்று கூப்பிட உலகத்தில் வேறு ஆளில்லை. ஆண்டவரே, நாலு வாரமாகக் கூப்பிடுகிறேன், நீர் லீவில் போய்விட்டீரா, அன்றைக்கு நான் ஓடினேன் சரி, நீர் எங்கே ஓடினீர்? கேட்ட பிறகு சகேயுவுக்கே திக்கென்றது. இப்படியெல்லாம் அவர் கடவுளிடம் பேசினதில்லை. இருபத்திரண்டு வருஷமும் மரியாதையாகக் கத்தித்தான் பழக்கம். வந்து பதில் சொல்லும், அடித்தாலும் பரவாயில்லை, ஆனால் முதலில் அந்தச் செருப்பை ஏதாவது செய்யும், நாலு நாயை அனுப்பும், ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் போகட்டும்.

அப்போது கரண்டு போனது. கிரைண்டர் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டு, நின்றது. இத்தனை நேரம் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று நின்ற பிறகுதான் தெரிந்தது. காற்றாடி நின்றது. எல்லாரும் வாயை எந்த நிலையில் வைத்திருந்தார்களோ அந்த நிலையிலேயே நிறுத்தினார்கள். செல்வமணியின் ஒற்றைக் கொலுசு ஒரு தரம் சிணுங்கியது, அவள் அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். வெளியே ஒரு பைக் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. ஸ்டாண்டு போடும் சத்தம். பிறகு குமரேசனின் குரல், பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக: “டேய், இங்க பாரு. இது நாச்சிமுத்துண்ணன் செருப்பாட்ட இருக்குது. எண்ணு பாக்கலாம், எத்தன சோடின்னு.” இன்னொருவன் எண்ணினான். ஒன்று, இரண்டு என்று நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எண்ணினான். உள்ளே ஒவ்வொருத்தரும் தன் தன் சோடிக்காகக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்று. கதவு தட்டப்பட்டது. மரகதம் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். பின்கட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அதற்கப்பால் வெயிலில் ஒரு மதில் தெரிந்தது, இடுப்பளவு மதில், சகேயுவின் காலுக்கு அது மதிலே இல்லை.

சகேயு எழுந்தார். கால் பின்பக்கம் திரும்பத்தான் பார்த்தது. அது அதன் குணம். அவர் கதவுப் பக்கம் நடந்தார், பத்துப் பேரையும் தாண்டி, மடித்த சாக்கையும் தாண்டி, தாழில் கை வைத்தார். கை வைத்தபோது இன்னொன்று தெரிந்துபோனது. இதைத் திறந்த பிறகு, அன்றைக்கு ஓடினதைச் சொல்ல வாய்ப்பிருக்காது. திறந்த பிறகு அடி வாங்கினால் பெரிய வீரன் ஆகிவிடுவோம், அந்தப் பொய்யும் கூடவே சேர்ந்து பெரிதாகிவிடும். திரும்பினார்.

“அன்னைக்கு நான் போலீசக் கூப்புடலீங்க,” என்றார். குசுகுசுக்கத்தான் நினைத்தார், வரவில்லை. “ஓடிப்போயிட்டனுங். உங்களையெல்லாம் உட்டுப்போட்டு, பஸ் ஸ்டாண்டுல போயி ஆளோட ஆளா நின்னுக்கிட்டனுங். இதுதானுங்க என்ற சாட்சி.”

கதவு மறுபடி தட்டப்பட்டது, இந்தத் தடவை கட்டையால். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. செல்வமணி கீழே பார்த்தாள். மரகதம் மாவைப் பார்த்தாள். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை, அதுதான் சகேயுவுக்கு விளங்கவில்லை. பாஸ்டர் நல்ல கையைத் தரையில் ஊன்றி எழுந்து, மெதுவாக அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“தெரியும் பிரதர்,” என்றார். “பஸ் ஸ்டாண்டு நம்ம ஜெபவீட்டுக்குப் பின்தெருதான. நான் கீழ விழுந்து கெடக்கும்போது உங்க சத்தந்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பழனி, பழனின்னு. எல்லாரும் கேட்டோம். அடிச்சவனே ஒரு நிமிஷம் நிறுத்திட்டு என்னடா இதுன்னு பாத்தான். செல்வமணி சிஸ்டர் போலீசுன்னு கத்துனதுகூட உங்கள விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னுதான்.”

“பாஸ்டர்…”

“சத்தம் கேட்குற வரைக்கும் நம்ம பிரதர் உயிரோட இருக்காருன்னு அர்த்தம். ஒருத்தராவது தப்பிச்சாரேன்னு அங்க கெடந்தே ஒரு ஸ்தோத்திரம் பண்ணுனேன். நீங்க ஒவ்வொரு பழனி சொல்லும்போதும் ஒண்ணு.”

இந்த மனுஷனுக்குக் கை ஒடிந்துகொண்டிருந்தபோது, ஓடிப்போனவன் பயத்தில் போட்ட கூப்பாட்டைக் கேட்டு, அவனுக்காகச் சந்தோஷப்பட்டிருக்கிறார். நாலு வாரம் முதல் இலையும் போட்டிருக்கிறார்கள், தெரிந்தே. லீவில் போனவரைத் தேடிக் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தோமே, அவர் இந்த ஒடிந்த கைக்காரரோடு அங்கேயே கிடந்திருக்கிறார், இத்தனை பேரோடும் இந்த மாவு அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று சகேயுவுக்கு அப்போது சந்தேகமில்லாமல் தெரிந்தது. உடம்பு சிலிர்க்கவில்லை. கூரை அதிரவில்லை. பயம்கூடப் போகவில்லை. ஆனாலும் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க கைய வெச்சுக்கிட்டுக் கொஞ்சம் பின்னால நில்லுங்க பாஸ்டர்,” என்று சொல்லி, தாழை நீக்கி, இத்தனை வாரமும் ஒருக்களித்தே திறந்த கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்தார்.

வெயில் உள்ளே வந்தது. படியில் குமரேசனும் இன்னும் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். கட்டை குமரேசன் கையில். உள்ளே வரிசையாக இருந்த போசிகளையும், பாயில் உட்கார்ந்திருந்தவர்களையும், கடைசியில் நிமிர்ந்து நிலைப்படி முழுக்க நின்ற சகேயுவையும் அவன் பார்த்தான்.

“ஏனுங்ண்ணா,” என்றான், “உள்ள என்ன நடக்குது?”

மாவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

“ஜெபம் பண்றமுங்க,” என்றார் சகேயு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.